டிஸ்ப்ளே லிஸ்ட்: வரையும் கட்டளைகளைப் பதிந்து வைத்து மறுபடி ஓட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரையில் படம் வரைய நிரலில் பயன்படும் ஓபன்ஜிஎல்லின் பழைய பாடத்தை எடுத்துக்கொண்டு உட்காருகிற எல்லோரும் டிஸ்ப்ளே லிஸ்ட் வரும் இடத்தில் கொஞ்சம் தடுமாறுவார்கள். படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கும். எழுதி ஓட்டிப் பார்த்தால் அசைய வேண்டியது அசையாது, நிறம் மாறக் கூடாத இடத்தில் மாறும். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஃபங்ஷன் பெயர்களை வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன். எடிட்டரில் ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல் சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்ப்ளே லிஸ்ட் என்றால் என்ன?

வாசலில் கோலம் போட இரண்டு வழி உண்டு. புள்ளி வைத்துக் கையால் இழுப்பது ஒன்று. துளையிட்ட கோல அச்சில் மாவைக் கொட்டித் தட்டி எடுப்பது இன்னொன்று. அச்சு செய்ய ஒரு முறை மெனக்கெட வேண்டும். அதன்பின் எத்தனை வாசலுக்கும் அதே அச்சுதான்.

ஓபன்ஜிஎல்லில் அந்த அச்சுதான் டிஸ்ப்ளே லிஸ்ட். "இந்த நிறம் எடு, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு முக்கோணம் வரை" என்று நீங்கள் வரிசையாகக் கொடுக்கும் கட்டளைகளை டிரைவர் (கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்) உடனே வரையாமல் பதிந்து வைத்துக்கொள்கிறது. ஒரு எண்ணை அதற்குப் பெயராக வைக்கிறோம். பிறகு அந்த எண்ணைச் சொன்னால் போதும், முழு வரிசையும் ஓடும். 1992-இல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட முதல் ஓபன்ஜிஎல்லிலிருந்தே இந்த வசதி இருக்கிறது.

வேகம் எங்கிருந்து வருகிறது?

ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் மாடலில் 10,000 முக்கோணங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று முனை. ஒவ்வொரு முனைக்கும், பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லும் ஜிஎல் நார்மல் ஒரு அழைப்பு, முனையின் இடத்தைச் சொல்லும் ஜிஎல் வெர்டெக்ஸ் ஒரு அழைப்பு. ஆக ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது திரையில் வரும் ஒரு படத்துக்கு, 60,000 ஃபங்ஷன் அழைப்புகள். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் 36 லட்சம். இத்தனையும் ஒரே மாடலுக்கு, ஒவ்வொரு முறையும் அதே எண்களைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு. லிஸ்ட்டில் பதிந்துவிட்டால் ஃப்ரேமுக்கு ஒரே ஒரு ஜிஎல் கால் லிஸ்ட்.

அழைப்புச் செலவு மட்டும் மிச்சமாவதில்லை. வடிவத்தைக் கணக்கிட நீங்கள் போட்ட சைன், கோசைன் எல்லாம் பதியும்போது ஒரு முறைதான் நடக்கும். தவிர, பதிந்த பிறகு உள்ளே எதுவும் மாறாது என்று டிரைவருக்குத் தெரியும். அதனால் முனைகளைத் தன் வசதிக்கு அடுக்கி, கிராஃபிக்ஸ் கார்டின் மெமரியிலேயே வைத்துக்கொள்ள அதற்கு வழி இருக்கிறது. செய்வதும் செய்யாததும் டிரைவரின் விருப்பம். ஸ்பெசிஃபிகேஷன் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு கார்டில் பறக்கிற நிரல் இன்னொன்றில் சாதாரணமாக ஓடினால் காரணம் இதுதான்.

எப்படி எழுதுவது?

ஜிஎல் ஜென் லிஸ்ட்ஸ் என்று கேட்டால் காலியான எண் கிடைக்கும். பூஜ்யம் வந்தால் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பூஜ்யத்தை லிஸ்ட்டின் பெயராக வைக்கவே முடியாது. பிறகு ஜிஎல் நியூ லிஸ்ட், வரையும் கட்டளைகள், ஜிஎல் எண்ட் லிஸ்ட். தேவைப்படும் இடத்தில் ஜிஎல் கால் லிஸ்ட். வேலை முடிந்ததும் ஜிஎல் டிலீட் லிஸ்ட்ஸ்.

இந்தக் கடைசி வரியை மறந்து நான் ஒரு நாள் முழுக்க அலைந்திருக்கிறேன். ஒவ்வொரு ஃப்ரேமிலும் புது எண் வாங்கிப் புது லிஸ்ட் பதிந்துகொண்டிருந்தேன். பழையதை விடுவிக்கவில்லை. நிரல் பத்து நிமிடம் அழகாக ஓடும், அப்புறம் கணினியே திணறும். பதிகிற வரி ஆரம்ப ஃபங்ஷனில் இருக்கிறதா, வரைகிற ஃபங்ஷனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிப் பேரின் பிரச்சினை அங்கேதான் இருக்கும்.

லிஸ்ட்டுக்குள் பயன்படுத்திய மாறியின் மதிப்பை மாற்றினேன். படம் மாறவே இல்லையே?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பதில் ஒரு வரி: லிஸ்ட்டில் பதிவாவது உங்கள் நிரல் அல்ல, அந்த நிரல் அன்றைக்கு ஓபன்ஜிஎல்லிடம் சொன்ன எண்கள்.

ஜிஎல் ரொட்டேட்டுக்குக் கோணம் என்ற மாறியைக் கொடுத்தீர்கள். பதியும் நேரத்தில் அதில் 30 இருந்தது. லிஸ்ட்டுக்குள் போனது 30 என்ற எண். கோணம் என்று ஒரு மாறி இருப்பதே லிஸ்ட்டுக்குத் தெரியாது. அதைப் பிறகு 45 ஆக்கினாலும் 90 ஆக்கினாலும் அது 30-இலேயே நிற்கும்.

இதை உள்வாங்கிக்கொண்டால் மற்ற விசித்திரங்களும் விளங்கிவிடும். லிஸ்ட்டுக்குள் ஒரு 'இஃப்' போட்டால், பதியும்போது எந்தக் கிளையில் போனதோ அந்தக் கிளையின் கட்டளைகள் மட்டுமே இருக்கும். 'ஃபார்' லூப் நூறு முறை சுற்றினால் நூறு முறைக்கான கட்டளைகளும் விரித்துப் பதிவாகும், லூப் இருக்காது. ரேண்டம் எண்ணால் நட்சத்திரங்களைத் தூவினால் எத்தனை முறை அழைத்தாலும் அதே வானம்தான். நிரலின் வரிசையில் (அரே) வைத்திருக்கும் முனைகளை ஜிஎல் டிரா அரேஸ் மூலம் லிஸ்ட்டுக்குள் வரைந்தால், அந்த நொடியில் வரிசையில் இருந்த தரவின் நகல் உள்ளே போய்விடும். அப்புறம் வரிசையைத் திருத்தினாலும் அழித்தாலும் லிஸ்ட்டுக்கு ஒன்றும் ஆகாது.

அப்படியானால் அசையும் பொருளுக்கு இது உதவாதா?

தாராளமாக உதவும். மாறாததை உள்ளே வையுங்கள், மாறுவதை வெளியே வையுங்கள். லினக்ஸில் கிராஃபிக்ஸ் ஓடுகிறதா என்று பார்க்க எல்லோரும் ஓட்டும் அந்தப் பல்சக்கர நிரல், ஜிஎல்எக்ஸ் கியர்ஸ், நல்ல பாடம். பிரையன் பால் எழுதியது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சக்கரம், மூன்று லிஸ்ட். சிவப்புக்கு 20 பல், மற்ற இரண்டுக்கும் பத்துப் பத்து. பல்லின் வடிவம், நிறம் எல்லாம் லிஸ்ட்டுக்குள். சுழற்சி மட்டும் வெளியே. ஒவ்வொரு ஃப்ரேமிலும் மேட்ரிக்ஸை (பொருளின் இடத்தையும் சுழற்சியையும் குறிக்கும் எண் அட்டவணை) எடுத்து வைத்து, இடம் நகர்த்தி, கோணத்துக்குச் சுழற்றி, ஜிஎல் கால் லிஸ்ட் சொல்லி, மேட்ரிக்ஸை மீட்டுக்கொள்கிறது. பல் எண்ணிக்கை பாதி என்பதால் சின்னச் சக்கரங்களின் கோணம் மைனஸ் இரண்டு மடங்கு. பற்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் சரியாகப் பொருந்த ஒன்றுக்கு 9 பாகை, மற்றதற்கு 25 பாகை கழித்திருப்பார். அவ்வளவுதான் அசைவு.

வடிவமே மாறுகிற பொருள் என்றால், கொடி படபடப்பது, தண்ணீர் அலையடிப்பது போல, லிஸ்ட் சரிப்படாது. ஒவ்வொரு ஃப்ரேமும் பதிந்து ஒரே ஒரு முறை ஓட்டுவது நேராக வரைவதைவிட மெதுவாகத்தான் இருக்கும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு: எப்போதாவது மாறுவது. மைன்கிராஃப்ட்டின் பழைய ஜாவா பதிப்புகள் உலகத்தை 16க்கு 16க்கு 16 கட்டிகள் கொண்ட துண்டுகளாக வெட்டி, துண்டு துண்டாக லிஸ்ட்டில் பதிந்து வைத்திருந்தன. நீங்கள் ஒரு கல்லை உடைத்தால் முழு உலகத்தையும் மறுபடி பதிய வேண்டியதில்லை, அந்தத் துண்டை மட்டும் பதிந்தால் போதும். எந்த அளவுக்கு வெட்டுவது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. பெரிதாக வெட்டினால் மறுபதிவுக்கு நேரமாகும், பொடியாக வெட்டினால் அழைப்புகள் பெருகும்.

எந்தக் கட்டளைகள் லிஸ்ட்டுக்குள் பதிவாகாது?

மதிப்பைத் திருப்பித் தரும் எதுவும் பதிவாகாது. ஜிஎல் கெட் வகையறா, ஜிஎல் ரீட் பிக்சல்ஸ் எல்லாம் அந்த இடத்திலேயே உடனே ஓடிவிடும். ஜிஎல் ஃப்ளஷ், ஜிஎல் ஃபினிஷ், ஜிஎல் பிக்சல் ஸ்டோர், வரிசைகளின் இடத்தைச் சொல்லும் ஜிஎல் வெர்டெக்ஸ் பாயிண்டர் போன்றவையும் அப்படியே. லிஸ்ட்டையும் டெக்ஸ்சரையும் (வடிவத்தின் மேல் ஒட்டும் படம்) உருவாக்கி அழிக்கும் கட்டளைகளும் இந்தக் கூட்டம்தான்.

இதில் ஒரு குழி இருக்கிறது. பதிந்துகொண்டிருக்கும்போது நிறத்தைச் சிவப்பாக்கிவிட்டு, அடுத்த வரியில் இப்போதைய நிறம் என்ன என்று ஜிஎல் கெட் மூலம் கேட்டால் பழைய நிறம்தான் வரும். சிவப்பாக்கும் கட்டளை பதிவானது, இன்னும் ஓடவில்லை. கேட்டது உடனே ஓடியது. அதேபோல, தப்பான மதிப்பு கொடுத்த கட்டளையின் பிழை பதியும்போது வராது, லிஸ்ட்டை ஓட்டும்போதுதான் வரும். பிழை எங்கே என்று தேடுகிறவர் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

லிஸ்ட்டை அழைத்த பிறகு மற்ற பொருள்களும் சிவப்பாகிவிடுகின்றன. ஏன்?

லிஸ்ட் ஓடுவதும் நீங்கள் அந்தக் கட்டளைகளை நேரில் அடிப்பதும் ஒன்றுதான். உள்ளே மாற்றிய நிறம், மேட்ரிக்ஸ், லைட்டிங் எல்லாம் வெளியே வந்த பிறகும் அப்படியே இருக்கும். ஃபங்ஷனுக்கு இருப்பது போல உள் மாறி, வெளி மாறி என்ற வேலியெல்லாம் இங்கே கிடையாது. லிஸ்ட்டின் தொடக்கத்தில் இருந்த நிலையை எடுத்து வைக்க ஜிஎல் புஷ் அட்ரிப், ஜிஎல் புஷ் மேட்ரிக்ஸ், முடிவில் அதை மீட்க அவற்றின் ஜோடி பாப் என்று போடுங்கள்.

இதையே சாதகமாகவும் பயன்படுத்தலாம். நிறத்தை லிஸ்ட்டுக்குள் வைக்காமல் விட்டால் அழைப்பதற்கு முன் என்ன நிறம் இருந்ததோ அதிலேயே வரையும். ஒரே நாற்காலி லிஸ்ட்டை வைத்து ஐந்து நிற நாற்காலிகள் போடலாம். ஒரே அச்சு, வேறு வேறு கலர்ப்பொடி.

லிஸ்ட்டுக்குள் இன்னொரு லிஸ்ட்டை அழைக்கலாமா?

அழைக்கலாம். சக்கரத்துக்கு ஒரு லிஸ்ட், காருக்கு ஒரு லிஸ்ட், காருக்குள் சக்கரத்தை நான்கு முறை அழைப்பது. எத்தனை அடுக்கு ஆழம் போகலாம் என்பது டிரைவரைப் பொறுத்தது, ஆனால் குறைந்தது 64 அடுக்கு இருந்தே தீர வேண்டும். உள்ளே பதிவாவது சக்கரத்தின் எண் மட்டும்தான், சக்கரத்தின் உள்ளடக்கம் அல்ல. எனவே சக்கர லிஸ்ட்டைப் பிறகு மாற்றிப் பதிந்தால் காரிலும் மாறிவிடும். இல்லாத லிஸ்ட்டை அழைத்தால் பிழை கூட வராது, பேசாமல் தாண்டிப் போய்விடும். ஆனால் ஒரு லிஸ்ட் பதிவாகிக்கொண்டிருக்கும்போது இன்னொரு ஜிஎல் நியூ லிஸ்ட் தொடங்கக் கூடாது.

பதிந்த லிஸ்ட்டில் நடுவில் ஒரு வரியை மட்டும் திருத்த முடியுமா?

முடியாது. அதே எண்ணில் முழுவதையும் மறுபடி பதிவதுதான் வழி. புதியது ஜிஎல் எண்ட் லிஸ்ட் வந்த பிறகே பழையதன் இடத்துக்கு வரும். ஓபன்ஜிஎல்லுக்கு முன் இதே நிறுவனம் வைத்திருந்த ஐரிஸ் ஜிஎல்லில் திருத்தும் வசதி இருந்தது. ஓபன்ஜிஎல்லில் வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். திருத்தலாம் என்றால் டிரைவர் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கத் தக்கபடி வைத்திருக்க வேண்டும், இறுக்கி அடுக்க முடியாது. என்னைக் கேட்டால் நல்ல முடிவு.

கம்பைல் அண்ட் எக்ஸிக்யூட் என்று ஒரு மோடு இருக்கிறதே?

பதிந்துகொண்டே வரையும். ஒதுங்கியே இருங்கள். ஒரு முறை பதிந்து, பிறகு அழைப்பது தெளிவாக இருக்கும், பல டிரைவர்களில் வேகமும் அதில்தான்.

எழுத்துகளுக்கு லிஸ்ட் போட்டேன். ஆங்கிலம் வருகிறது, தமிழ் உடைகிறது.

விண்டோஸில் டபிள்யூஜிஎல் யூஸ் ஃபாண்ட் பிட்மேப்ஸ் என்றும், எக்ஸ் விண்டோவில் ஜிஎல்எக்ஸ் யூஸ் எக்ஸ் ஃபாண்ட் என்றும் இரண்டு வசதி உண்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு லிஸ்ட் செய்து தந்துவிடும். ஜிஎல் லிஸ்ட் பேஸ் மூலம் தொடக்க எண்ணைச் சொல்லி, ஒரு சொல்லை அப்படியே ஜிஎல் கால் லிஸ்ட்ஸிடம் கொடுத்தால் எழுத்து எழுத்தாக வரைந்துகொண்டே போகும். சாமர்த்தியமான ஏற்பாடு. ஆனால் ஒரு குறியெண்ணுக்கு ஒரு வடிவம், இடமிருந்து வலம் வரிசை என்ற நினைப்பில் செய்தது.

யூனிகோட் தமிழில் 'பெ' என்பது ப, அதன்பின் எகரக் கொம்பு என்ற வரிசையில் மெமரியில் இருக்கும். திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ'வில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இரு பக்கமும் நிற்க வேண்டும். 'கு', 'டு', 'மூ' எல்லாம் தனித்தனி வடிவங்கள். குறியெண் வாரியாக லிஸ்ட்டை ஓட்டினால் இவை எதுவும் நடக்காது. பாமினி, திஸ்கி காலத்து எழுத்துருக்களில் இந்த முறை சரியாகவே வேலை செய்யும் என்பது வேடிக்கை. அவற்றில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டிருக்கும், கொம்பு முன்னால்தான் இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: ஹார்ஃப்பஸ் போன்ற நூலகத்திடம் சொல்லைக் கொடுங்கள். எந்த வடிவம், எந்த இடத்தில் என்று அது திருப்பிச் சொல்லும். வடிவ எண்ணுக்கு ஒரு லிஸ்ட்டோ டெக்ஸ்சர் துண்டோ வைத்து வரையுங்கள்.

"டிஸ்ப்ளே லிஸ்ட்" என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

ஓபன்ஜிஎல்லுக்கு முப்பது ஆண்டு மூத்தது. 1960-களின் பெரும்பாலான கணினித் திரைகளில் இன்றைய பிக்சல் முறை கிடையாது. எலக்ட்ரான் கற்றை நேராகக் கோடு இழுக்கும், பாஸ்பரின் ஒளி உடனே மங்கிவிடும். மங்குவதற்குள் மறுபடி இழுக்க வேண்டும். முழுப் படத்தையும் புள்ளி புள்ளியாக வைத்துக்கொள்ளும் அளவுக்கு மெமரி மலிவாக இல்லை. அதனால் "இங்கிருந்து அங்கே கோடு" என்ற கட்டளைகளின் பட்டியலை மெமரியில் வைத்து, அதைச் சுற்றிச் சுற்றி வாசித்து வரைந்தார்கள். 1963-இல் ஐவன் சதர்லேண்ட் லிங்கன் ஆய்வகத்தின் டிஎக்ஸ்-2 கணினியில் செய்த ஸ்கெட்ச்பேடில் மூல வரைபடம் ஒன்று, அதன் பிரதிகள் பல என்ற யோசனையும் வந்துவிட்டது. மூலத்தைத் திருத்தினால் பிரதிகள் எல்லாம் திருந்தும். மேலே சொன்ன காரும் சக்கரமும் அதன் வழி வந்தவைதான்.

இவ்வளவு நல்ல வசதியை ஏன் நீக்கினார்கள்?

2008-இல் வந்த ஓபன்ஜிஎல் 3.0 இதைக் கைவிடும் பட்டியலில் சேர்த்தது, அடுத்த ஆண்டு 3.1 நீக்கியது. அதே 2009-இல் 3.2 வந்தபோது கோர், கம்பாட்டிபிலிட்டி என்று இரண்டாகப் பிரித்தார்கள். கம்பாட்டிபிலிட்டியில் லிஸ்ட் இருக்கும், கோரில் இருக்காது. உங்கள் கணினியில் பழைய நிரல் இன்றும் ஓடுவது இதனால்தான். மொபைலுக்கான ஓபன்ஜிஎல் இஎஸ்ஸிலும், அதிலிருந்து பிரவுசருக்கு வந்த வெப்ஜிஎல்லிலும் ஆரம்பத்திலிருந்தே கிடையாது.

காரணம் என் பார்வையில் இது: லிஸ்ட்டுக்குள் ஏறக்குறைய எதை வேண்டுமானாலும் போடலாம். வடிவம், நிறம், மேட்ரிக்ஸ், டெக்ஸ்சர் எல்லாம் கலந்து கிடக்கும் மூட்டையை வேகமாக ஓட்டுவது டிரைவர் எழுதுகிறவருக்குத் தலைவலி. இடையில் 2003-இல் ஓபன்ஜிஎல் 1.5-இல் வெர்டெக்ஸ் பஃபர் வந்துவிட்டது. முனைகளை மட்டும் கார்டின் மெமரியில் வைப்பது, வேண்டும்போது திருத்துவது. லிஸ்ட்டின் லாபத்தில் பெரும்பங்கு அதிலேயே கிடைத்தது. மைன்கிராஃப்ட்டும் 1.8 பதிப்பில் இந்த பஃபருக்கு ஒரு தேர்வு வைத்தது.

வல்கனின் கமாண்ட் பஃபரும் இதுவும் ஒன்றுதானா?

குடும்பம் ஒன்று, குணம் வேறு. ஓபன்ஜிஎல்லின் அடுத்த தலைமுறையாக 2016-இல் வந்த வல்கனில், கட்டளைகளைக் கமாண்ட் பஃபரில் பதியாமல் எதையும் வரையவே முடியாது. தொடங்கு, பதி, முடி, வரிசையில் அனுப்பு. ஒரே பதிவைப் பல முறை அனுப்பலாம்.

பெரிய வேறுபாடு எது பதிவாகிறது என்பதில். டிஸ்ப்ளே லிஸ்ட் தரவின் நகலை எடுத்துக்கொள்ளும். கமாண்ட் பஃபர் "அந்த பஃபரில் இருப்பதை வரை" என்று முகவரியை மட்டும் குறித்துக்கொள்ளும். எனவே யூனிஃபார்ம் பஃபரில் (கோணம் போன்ற மதிப்புகளை வைக்கும் மெமரி) கோணத்தை மாற்றி எழுதிவிட்டு அதே பதிவை அனுப்பினால் பொருள் சுழலும்! லிஸ்ட்டில் நடக்காதது இங்கே நடக்கும். அதற்கு விலையும் உண்டு. கார்டு அந்த பஃபரை வாசித்து முடிக்கும் முன் நீங்கள் எழுதினால் படம் குழம்பும், பஃபரை அழித்துவிட்டால் பதிவே செல்லாது. லிஸ்ட்டில் தரவை எப்போது அழித்தாலும் கவலை இல்லை என்றோமே, அந்தச் சொகுசு இங்கே கிடையாது. கட்டளையோடு நேராகக் கொடுக்கும் சிறு மதிப்பான புஷ் கான்ஸ்டன்ட் மட்டும் பழைய லிஸ்ட் போலவே: கொடுத்த எண் பதிவிலேயே உறைந்துவிடும்.

இன்னொன்று, நிறமும் மற்ற நிலைகளும் வெளியே கசியும் பழைய சிக்கல் இங்கே இல்லை. ஒவ்வொரு கமாண்ட் பஃபரும் வெறுங்கையோடு தொடங்கும், முன்னால் ஓடியதிலிருந்து எதையும் வாங்கிக்கொள்ளாது. பல த்ரெட்களில் ஒரே நேரத்தில் பதியலாம், ஆனால் த்ரெட்டுக்கு ஒரு கமாண்ட் பூல் (கமாண்ட் பஃபர்களுக்கு மெமரி தரும் இடம்) வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பூலை இரண்டு பேர் ஒரே சமயத்தில் தொட்டால் வினைதான்.

பிரவுசரிலும் போனிலும் இப்படி ஏதாவது இருக்கிறதா?

பிரவுசருக்கான புதிய வழியான வெப்ஜிபியுவில் ரெண்டர் பண்டில் என்று இருக்கிறது. பெயரளவில் கமாண்ட் பஃபர் அங்கேயும் உண்டு, ஆனால் ஒரு முறை அனுப்பினால் தீர்ந்தது. மறுபடி ஓட்ட பண்டில்தான். ஆப்பிளின் கிராஃபிக்ஸ் வழியான மெட்டலிலும் கமாண்ட் பஃபர் ஒரு முறைக்குத்தான்.

ஆண்ட்ராய்டில் நீங்கள் தெரியாமலேயே தினமும் பயன்படுத்துகிறீர்கள். 3.0 பதிப்பிலிருந்து, ஹார்டுவேர் முடுக்கம் இருக்கும்போது, திரையில் உள்ள ஒவ்வொரு வியூவும் தன் வரைகட்டளைகளைப் பதிந்து வைத்துக்கொள்கிறது. பட்டனை நகர்த்தினாலோ மங்கலாக்கினாலோ அதை வரையும் ஆன்டிரா ஃபங்ஷன் ஓடாது, பழைய பதிவே வேறு இடத்தில் ஓடும். பட்டனின் எழுத்து மாறினால்தான் மறுபதிவு. ஆன்டிராவுக்குள் லாக் செய்தி எழுதும் வரி போட்டுவிட்டு, நகர்த்தும்போது அந்தச் செய்தி ஏன் வரவில்லை என்று கேட்கிறவர்களுக்கும் இதுவே பதில்.

இன்று புதிதாகக் கற்கிறவர் இதில் நேரம் செலவழிக்கலாமா?

புது நிரலை இதில் எழுதாதீர்கள். லேப் பாடத்தில் வந்தால், அல்லது பொறியியல் வரைபடம் போடும் பழைய கேட் (CAD) நிரலைப் பராமரிக்கும் வேலை வந்தால், ஒரு மாலை நேரம் போதும். பல்சக்கர நிரலை எடுத்துக்கொண்டு மூன்று இடத்தில் கெடுத்துப் பாருங்கள். சிவப்புச் சக்கரத்தின் சுழற்றும் வரியை லிஸ்ட்டுக்குள் நகர்த்துங்கள்: மற்ற இரண்டும் சுற்ற, அது மட்டும் உறைந்து நிற்கும். நிறத்தைச் சொல்லும் வரியை நீலத்தின் லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்: அதற்கு முன் வரைந்த பச்சை அதற்கும் ஒட்டிக்கொள்ளும். கடைசியாக மூன்று லிஸ்ட்டையும் எண்கள் புதிதாக வாங்கி ஒவ்வொரு ஃப்ரேமிலும் பதிய விட்டு, பக்கத்தில் மெமரி அளவைத் திறந்து வைத்துக்கொண்டு டீ குடித்துவிட்டு வாருங்கள்.